மாட்டுத்தாவணியில் ஒரு வண்டிப் பரீட்சை

மதுரை மாநகரின் வடகிழக்கு மூலையில், மேலூர்ச் சாலையில், மாட்டுத்தாவணி இருக்கிறது. தென் தமிழ்நாட்டில் பஸ் ஏறிப் பிரயாணம் செய்தவர்களில் இந்த இடத்தை மிதிக்காதவர் அபூர்வம். 1999-ஆம் ஆண்டில் இங்கே பெரிய பஸ் நிலையம் திறக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். அவர்களின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் கண்டக்டர்கள் இன்றைக்கும் "மாட்டுத்தாவணி! மாட்டுத்தாவணி!" என்றுதான் கூவுகிறார்கள்.

"மாட்டுக்கு எதற்குத் தாவணி?" என்று வெளியூர்க் குழந்தைகள் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. தாவணி என்பது மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீண்ட கயிறு. அப்படிப் பிணைத்து நிறுத்தி விற்கும் சந்தைக்கும் அதுவே பெயராயிற்று. இன்று பஸ்கள் வரிசையாக நிற்கும் பகுதியில் முன்பு காளைகள் வரிசையாக நின்றன என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்லுகிறது.

மாட்டுச் சந்தையில் ஒரு ஜோடி காளை வாங்குவதென்றால் அது லேசான காரியமல்ல. வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். குளம்பைத் தட்டுவார்கள். நாலு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகுதான் துண்டுக்கு அடியில் தரகரின் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். கொம்பிலே பூசிய வர்ணத்தையும் கழுத்திலே கட்டிய சலங்கையையும் பார்த்துக் காளை வாங்கியவனை ஊரார் அறிவாளி என்று சொன்னதில்லை.

இப்போது காளைகளின் இடத்துக்கு மோட்டார் வண்டிகள் வந்துவிட்டன. குடும்பஸ்தர்களின் மனத்தைக் கவர்ந்து நிற்பது 'கிராஸ்ஓவர்' என்னும் இனம். இந்தியாவில் இன்று விற்கும் பிரயாணிகள் வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை உயரமான உடம்பும் அகன்ற டயர்களும் கொண்ட வண்டிகளே. என் தங்கையின் கணவரும் அந்த ஆசைக்கு ஆளானார். ஏழு பேர் உட்காரும் அப்படிப்பட்ட வண்டி ஒன்றைச் சிநேகிதரிடம் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு, "மச்சான், நீங்கள்தான் உபாத்தியாயராயிற்றே, பரீட்சை வைத்து மார்க்குப் போடுங்கள்" என்றார். என் தாயார், என் மனைவி, தங்கை, மாப்பிள்ளை, அவர்களுடைய பெண், பையன், நான் - ஆக ஏழு பேரும் மாட்டுத்தாவணியிலிருந்து புறப்பட்டோம். வண்டியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனியின் குணதோஷங்களல்ல, ஓர் இனத்தின் குணதோஷங்களே நமக்கு வேண்டியவை.

வில் வண்டியும் மொட்டை வண்டியும்

முதலில் இந்தக் கிராஸ்ஓவர் என்பது என்ன?

நம் நாட்டுப்புறத்தில் மொட்டை வண்டி உண்டு, வில் வண்டியும் உண்டு. மொட்டை வண்டி பாரம் சுமக்கும். மேடு பள்ளத்துக்கு அஞ்சாது. ஆனால் அதில் ஏறியவனுடைய எலும்புகளை எண்ணிவிடும். வில் வண்டி மெத்தென்று போகும். பெண்டு பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் காட்டுப் பாதைக்கு ஆகாது. மோட்டார் உலகத்திலும் இதே கதைதான். லாரியைப்போல் தனிச் சட்டத்தின்மீது உடம்பைப் பொருத்திய ஜீப் இனம் மொட்டை வண்டி. உடம்பும் சட்டமும் ஒன்றாகவே வார்த்தாற்போல் இருக்கும் கார், வில் வண்டி. கிராஸ்ஓவர் என்பது வில் வண்டியின் அடித்தளத்தின்மேல் மொட்டை வண்டியின் உயரத்தையும் மிடுக்கையும் ஏற்றிவைத்தது. 1994-இல் டொயோட்டா கம்பெனியார் தங்கள் கார்களின் உறுப்புகளைக்கொண்டே 'ராவ்-4' என்ற உயரமான வண்டியைச் செய்தது இந்த இனத்தின் ஆரம்பங்களில் முக்கியமானது.

நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. இந்த இனம் இந்தியாவில் பரவியதற்குத் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகள் பெரிய காரணம். 2012-இல் வந்த ரெனோ டஸ்டர் ஒரகடத்தில் செய்யப்பட்டது. 2013-இல் வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் உருவாயிற்று. 2015-இல் வந்த ஹூண்டாய் கிரெட்டாவின் பிறந்தகம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை. இவற்றில் ஃபோர்டு கம்பெனி, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்துவிட்டது. கம்பெனி போனாலும் வாங்கியவன் வீட்டில் வண்டி நிற்கிறதல்லவா? உதிரி உறுப்பு எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்ற கேள்வியையும் வாங்குமுன்பே கேட்டுவைக்க வேண்டும்.

தாயார் ஏறினார்

என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு வருஷமாக முழங்கால் வலி. பஸ்ஸின் படி அவருக்கு மலை. மாப்பிள்ளையின் பழைய சிறிய காரோ கிணறு. அதில் இறங்கி உட்கார வேண்டும், பிறகு இருவர் பிடித்துத் தூக்க வேண்டும். இதனால் இரண்டு வருஷமாக அழகர்கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். ஆகையால் பரீட்சையின் முதல் கேள்வித்தாள் அவரிடமே கொடுக்கப்பட்டது.

அவர் கதவருகே வந்தார். முதுகைத் திருப்பினார். நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

"மாப்பிள்ளை, இது நம்ம பழைய அம்பாஸடர் மாதிரி இருக்கிறதே!" என்றார்.

அந்த வார்த்தை வெறும் ஞாபகமன்று, கணக்குப்படியும் சரி. 1957 முதல் 2014 வரை உத்தரப்பாடாவில் செய்யப்பட்ட அம்பாஸடர் ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம். இன்றைய சிறிய கிராஸ்ஓவர்களும் அதே உயரத்தை ஒட்டியவை. இருக்கை இடுப்புக்குச் சரியாக வருவதால் முழங்கால் முழுவதும் மடங்க வேண்டியதில்லை. இடையில் நாற்பது, ஐம்பது வருஷமாகக் கார்கள் தாழ்ந்துகொண்டே போயின. வயதானவர்களுடைய முழங்கால்களை எவரும் கேட்கவில்லை. முதியவர்கள் உள்ள வீட்டுக்கு இந்த இனத்தின் தலையாய குணம் இதுதான். இந்தப் பாடத்தில் நூற்றுக்கு எண்பது மார்க்கு. குறைந்த இருபது எதற்கென்றால், இதே இனத்தில் சில வண்டிகள் மிதமிஞ்சி உயர்ந்து, மறுபடியும் படி வைத்து ஏறும்படி செய்கின்றன.

மேலூர்ச் சாலையில்

மாட்டுத்தாவணியை விட்டு வடகிழக்கே செல்லும்போது, 2004-இல் தொடங்கிய உயர்நீதிமன்றக் கிளையைத் தாண்டினால் யானைமலை எதிரே வருகிறது. ஒரே பாறை, துதிக்கையை நீட்டிப் படுத்த யானையைப்போல் கிடக்கிறது. அதன் அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை, எட்டாம் நூற்றாண்டில் பாண்டியனின் மந்திரி மாறன் காரி எடுப்பித்தது. உயரமான இருக்கையிலிருந்து மலை முழுவதும் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்த தங்கைக்கும் சாலை தெரிந்தது. இது அற்ப விஷயமன்று. முன்னால் போகும் வண்டிகளுக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிகிறது.

ஒத்தக்கடையைத் தாண்டியதும் நான்குவழிச் சாலையில் வேகம் பிடித்தோம். இங்கே உயரத்தின் மறுபக்கம் வெளிப்பட்டது. உயர்ந்த, அகன்ற முகம் காற்றை எதிர்த்துத் தள்ள வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆகையால் தாழ்ந்த காருக்குத் தேவைப்படுவதைவிட இதற்கு எரிபொருள் அதிகம் வேண்டும். எடை அதிகம், டயர் பெரிது, டயர் மாற்றும்போது பில்லும் பெரிது. சிட்டம்பட்டிச் சுங்கச்சாவடியில் மாப்பிள்ளை பெட்ரோல் முள்ளை ஒரு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வாதவூரும் குதிரைகளும்

மேலூரில் திரும்பித் திருவாதவூருக்குச் சென்றோம். முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் முடிந்ததிலிருந்து அந்தத் தண்ணீர் இந்தச் சமவெளிக்கு வருகிறது. நெல்லும் கரும்பும் இருபுறமும் நிற்க, நடுவே குறுகிய சாலை. ஊருக்கு ஊர் வேகத்தடை. அவற்றில் பாதிக்கு வர்ணமும் கிடையாது. சாதாரணக் கார்களுக்குத் தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி 165, 170 மில்லிமீட்டர் என்றால், இந்த இனத்துக்கு 180 முதல் 210 வரை. நாங்கள் ஏழு பேர் ஏறி ஸ்பிரிங்குகள் அமுங்கியிருந்தும் ஓர் இடத்திலும் தட்டவில்லை. கிராமச் சாலைப் பாடத்தில் முதல் வகுப்பு என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இந்த உயரத்தை நம்பி வெள்ளத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. ரெயில்வே சுரங்கப்பாதையில் மழைநீர் நிற்கும். "நம் வண்டி உயரம்தானே" என்று துணிவார்கள். தண்ணீர் ஓர் அடியைத் தாண்டினாலே சிறிய வண்டிகள் மிதக்கத் தொடங்கும். இரண்டடி ஓடுகிற வெள்ளம் பெரிய வண்டியையும் அடித்துக்கொண்டு போய்விடும். கிராஸ்ஓவர் கட்டுமரமல்ல என்பதை வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

திருவாதவூர், மாணிக்கவாசகர் அவதரித்த ஊர். திருமறைநாதரைத் தரிசித்துவிட்டுப் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, இன்றைய காரியத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஸ்தலம் வேறில்லை என்று தோன்றியது. பாண்டியன் தன் மந்திரியான வாதவூரரிடம் பொன்னைக் கொடுத்துக் குதிரை வாங்கி வரச் சொன்னான். பொன் கோயில் திருப்பணிக்குப் போயிற்று. பிறகு இறைவனே நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். பகலில் குதிரையாக நின்றவை இராத்திரியில் நரிகளாகி ஊளையிட்டன. இறைவன் செய்தது திருவிளையாடல். விற்பனைக் கூடங்களில் விளக்கு வெளிச்சத்தில் பரியாக நிற்பது வீட்டுக்கு வந்த மாதமே நரியாகிவிட்டால் அதை என்னவென்று சொல்வது?

இன்னொரு குதிரைச் செய்தியும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து இங்கே குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கியதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் பெரும்பாலானவை மாண்டுபோயின. அடுத்த வருஷம் மறுபடியும் வாங்கினார்களாம். இப்போது நாமே வண்டி செய்து பிற நாடுகளுக்குக் கப்பலேற்றுகிறோம், சந்தோஷம். ஆனால் வாங்குவதற்கு ஆகும் பணம் வேறு, வைத்துக் காப்பாற்றுவதற்கு ஆகும் பணம் வேறு என்ற பாடம் மாறவில்லை.

மூன்றாம் வரிசை

மேலூருக்குத் திரும்பி, கிடாரிப்பட்டி வழியாக அழகர்கோயிலை அடைந்தோம். சுந்தரராஜப் பெருமாளைச் சேவித்த பிறகு பழமுதிர்சோலைக்கு மலையேறினோம். இதுவரை நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று நேயர்களுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் வரிசையில், ஏழு வயது மருமகன் பக்கத்தில், முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்திருந்தேன்.

ஏழு பேருக்கு இடம் என்று விளம்பரத்தில் சொல்லுவது பொய்யல்ல. ஆனால் அந்த ஏழில் இரண்டு, இடம் என்பதைக் காட்டிலும் எண் என்பதே பொருந்தும். சுமார் 4.4 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வரிசை வைத்தால் கடைசி வரிசை பின்சக்கரத்தின் மேலேயே அமைகிறது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் முதலில் அங்கேதான் வரும். தலைக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. அதற்கும் தலைக்கும் இடைவெளி ஒரு சாண்தான். ஜன்னலும் சிறிது. மலை வளைவுகளில் உயரமான உடம்பு வெளிப்புறம் சாய்கிறது. பாரம் மேலே ஏற ஏறச் சாய்வு அதிகம். மூன்றாவது வளைவில் பையனுடைய முகம் வெளுத்தது. ஐந்தாவது வளைவுக்கு முன் நிறுத்தும்படி ஆயிற்று. சாமான்களுக்கோ இடமே இல்லை. புளியோதரைத் தூக்கு என் மடியில் பிரயாணம் செய்தது.

நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய கிராஸ்ஓவர்களுக்கு வேறொரு குறை. அவற்றின் பின்புறம் நறுக்கியதுபோல் இருக்கும். அழகுக்காக அல்ல, வரிக்காக. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோலானால் 1200 ஸி.ஸி., டீசலானால் 1500 ஸி.ஸி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள வண்டிக்குச் சரக்குச் சேவை வரி நூற்றுக்கு 18. அந்த எல்லையைத் தாண்டினால் 40. ஆகவே எஞ்சினியர் வரைந்ததைச் சட்டம் கத்தரித்துவிடுகிறது. வாங்குகிறவருக்கு லாபந்தான், ஆனால் பின்னிருக்கையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்த பிறகே அந்த லாபத்தை எண்ண வேண்டும்.

மாசி வீதியில் ஒரு கன்று

சாயங்காலம் தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக வைகையைக் கடந்து ஊருக்குள் நுழைந்தோம். சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மாசி வீதிகளில் அனுமதி உண்டு, இடம் இல்லை. மதுரையின் வீதிகள் தேருக்காக ஏற்பட்டவை. அந்தத் தேர் வருஷத்துக்குச் சில நாட்களே வருகிறது, நம் தேர்களோ தினமும் வருகின்றன. பக்கத்துக்கு ஒரு முழம்கூட விடாமல் ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் நெருக்க, மாப்பிள்ளைக்கு வியர்த்தது.

ஓர் இடத்தில் பூ வாங்குவதற்காகத் தங்கையின் பெண் இறங்கியிருந்தாள். மாப்பிள்ளை வண்டியை நகர்த்தப்போன சமயம் அவள், "அப்பா, நில்லுங்கள்!" என்று கத்தினாள். வண்டி முகத்தை ஒட்டி ஒரு சிறு கன்று நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் கண்ணுக்கு அது கொஞ்சமும் தெரியவில்லை. நல்ல வேளையாகக் கன்றுக்கு ஒன்றும் நேரவில்லை.

உயரமான முகப்பின் பெரிய தோஷம் இதுதான். தூரத்திலுள்ளது நன்றாகத் தெரிகிறது, காலடியிலுள்ளது மறைகிறது. கன்று நின்ற இடத்தில் மூன்று வயதுக் குழந்தை நின்றாலும் தெரிந்திருக்காது. வீட்டு வாசலில் குழந்தைகள் விளையாடும் தெருவில் இது அசட்டை செய்யக்கூடிய குறையன்று. முன்புறமும் பின்புறமும் காமிரா உள்ள வண்டி நல்லது. புறப்படுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் அதைவிட நல்லது.

கனமான வண்டி என்பதால் பத்திரமானது என்றும் முடிவு செய்துவிடக்கூடாது. 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்.சி.ஏ.பி.' என்ற சோதனை நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை மோதவிட்டுப் பார்த்து, பெரியவர்களுக்கு எத்தனை நட்சத்திரம், குழந்தைகளுக்கு எத்தனை நட்சத்திரம் என்று தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். மாட்டின் பல்லை எண்ணுவதுபோல் இந்த நட்சத்திரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போடாவிட்டால் அத்தனை நட்சத்திரமும் வானத்து நட்சத்திரந்தான்.

துண்டுக்கு அடியில்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை கணக்குக் காகிதத்தை விரித்தார். ஏழு பேர் வண்டிக்கு ஏழு வருஷக் கடன். பெண்ணுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஐந்து வருஷத்தில் காலேஜுக்குப் போக வேண்டும். அவள் காலேஜில் இருக்கும் முதல் இரண்டு வருஷமும் வண்டித் தவணை ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கண்டதும் என் தங்கை, "வருஷத்தில் எத்தனை நாள் நாம் ஏழு பேராகப் போகிறோம்?" என்று கேட்டாள். பொங்கல், சித்திரைத் திருவிழா, ஒரு கல்யாணம், ஒரு கோடைப் பிரயாணம். விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதும்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மார்க்குப் பட்டியலைப் படித்தேன். முதியவர் ஏறி இறங்க முதல் வகுப்பு. கிராமச் சாலைக்கு முதல் வகுப்பு. மலை வளைவுக்கு இரண்டாம் வகுப்பு. எரிபொருளுக்கும் ஊர் வீதிக்கும் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வரிசைக்குப் பூஜ்யம்.

"அப்படியானால் பாஸா, பெயிலா?" என்றார்.

"மொத்த மார்க்கு வேண்டாம், மாப்பிள்ளை. உங்கள் வீட்டில் எல்லாரிலும் இயலாதவர் யாரோ அவருக்கு எத்தனை மார்க்கு என்று பாருங்கள்" என்றேன்.

குடும்ப வண்டியை அளப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. கட்டுமஸ்தான வாலிபனுக்கு எந்த வண்டியும் வண்டிதான். முழங்கால் மடங்காத தாயார், கடைசி வரிசையில் குமட்டுகிற குழந்தை, முகப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிற பிறத்தியார் பிள்ளை, மாதக் கடைசியில் இளைத்துப்போகும் பணப்பை - இந்த நாலு பேருடைய கண்ணால் வண்டியைப் பார்த்தால் கொம்பு வர்ணமும் சலங்கையும் தாமே மறைந்துவிடும்.

தாயார் அதுவரை பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்காகக் கடன் வாங்க வேண்டாம், ஆனால் வாங்குவதானால் இருக்கை இந்த உயரத்தில் இருக்கட்டும்" என்றார்.

மறுவாரம் மாப்பிள்ளை ஐந்து பேர் உட்காரும் சிறிய கிராஸ்ஓவர் ஒன்றுக்கு முன்பணம் கட்டினார். கூரைக் கண்ணாடி வேண்டாமென்று விட்டார். கடனை நாலு வருஷத்துக்குள் அடக்கினார். முன்பணம் கட்டுவதற்கு முன் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு: அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய், இருக்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து பார்த்தார். விற்பனைக் கூடத்துப் பையன்கள் சிரித்தார்களாம். சிரிக்கட்டும். மாட்டின் வாயைப் பிளந்து பார்ப்பவனைப் பார்த்துத் தரகன் சிரிக்கத்தான் செய்வான்.